அத்தியாயம் 6: வலது இருக்கையில் இருப்பவருக்கு

சிறு விமானத்தில் விருந்தாளிக்குத் தரும் மரியாதை முன்பக்கத்து வலது இருக்கை. ஜன்னல் பெரிது, படம் எடுக்க வசதி, விமானியோடு பேசிக்கொண்டே போகலாம். அந்த இருக்கைக்கு முன்னாலும் ஒரு ஸ்டியரிங் இருக்கும். விமானிகள் அதை யோக் என்பார்கள். காலடியில் இரண்டு பெடல்கள் வேறு. "அதை மட்டும் தொட்டுடாதீங்க" என்பதோடு பெரும்பாலான விருந்தாளிகளின் பயிற்சி முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் நம்மவர்களில் தனி விமானி உரிமம் எடுத்து வார இறுதியில் பறப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்தில் உட்காரும் மனைவி, கணவர், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா, அலுவலக நண்பர் ஆகியோருக்காக இந்த அத்தியாயம். செஸ்னா, பைப்பர், சிர்ரஸ் போன்ற, ஒரே விமானி ஓட்டுகிற விமானங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெரிய பயணிகள் விமானத்தில் ஒரு விமானிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பக்கத்தில் இன்னொருவர் இருப்பார். இங்கே அந்த இன்னொருவரின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

2022 மே 10 அன்று பஹாமாஸின் மார்ஷ் ஹார்பரிலிருந்து ஃபுளோரிடாவுக்கு ஒரு செஸ்னா கேரவன் வந்துகொண்டிருந்தது. விமானியும் இரண்டு பயணிகளும் இருந்தார்கள். கடலுக்கு மேல் வரும்போது விமானிக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் கிழிசல். தலை வலிக்கிறது என்றவர் சற்று நேரத்தில் நினைவு தப்பிச் சாய்ந்துவிட்டார். விமானம் மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய்ந்தது. பயணிகளில் ஒருவரான டேரன் ஹாரிசன் முன்னே வந்து யோக்கைப் பிடித்து மெல்ல மெல்ல நிமிர்த்தினார். பிறகு ரேடியோவில் நிலைமையைச் சொன்னார். அவர் விமானம் ஓட்டக் கற்றவரல்ல. இறக்கைகளைச் சமமாக வைத்துக்கொண்டு கடற்கரையை ஒட்டி வடக்கோ தெற்கோ போய்க்கொண்டிருங்கள், உங்களை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று கீழிருந்து பதில் வந்தது. பாம் பீச் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டாளர் ராபர்ட் மோர்கன் பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரும்கூட. ஆனால் கேரவனை அவர் ஓட்டியதில்லை. அதன் கருவிகள் அமைந்த முன்பலகையின் படத்தை அச்சிட்டு எதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹாரிசன் பத்திரமாக இறக்கினார். விமானியும் பிழைத்தார்.

செய்திகளில் ஓடியது விமானம் இறங்கிய காட்சி. நான் உங்களிடம் சொல்ல விரும்புவது அதற்கு முந்தைய சில நிமிடங்களைப் பற்றி. மூக்கைப் பதறாமல் நிமிர்த்தினார், பேசும் பொத்தானைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அவர் தனியாள் இல்லை. விமானத்தை இறக்கும் அறிவு தரையில் ஏராளமாக இருக்கிறது. அதை மேலே வரவழைக்கவும், வரும்வரை விமானத்தை நேராக வைத்திருக்கவும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். அதற்கான தயாரிப்பு அரை நாள் வேலை.

விமானி மயங்குவது அபூர்வம். அதைவிட அதிகமாக நேர்வது, விமானி நலமாக இருக்க வேறு ஏதோ கோளாறாவது. அப்போதும் உங்களுக்கு வேலை உண்டு. ஆகவே தரையிலிருந்தே தொடங்குவோம்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு

1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் பைப்பர் சரடோகாவில் மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்குப் போகும் பயணம். கிளம்பவே தாமதமாகி இருட்டிவிட்டது. புழுக்க மூட்டம், கீழே கடல், அடிவானமே தெரியாத இருட்டு. மார்த்தாஸ் வினியார்டு தீவை நெருங்கும்போது திசையுணர்வு தப்பி விமானம் கடலில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். யாரும் அவரை அவசரப்படுத்தினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கல்யாண வீடு, தாமதம், இருட்டு மூன்றும் சேர்ந்தால் வாய் திறந்து யாரும் அவசரப்படுத்தத் தேவையே இல்லை.

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாதவர் நுழைந்தால் என்ன ஆகும் என்று 1954இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். இருபது பேருமே விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

இதில் உங்கள் பங்கு ஒரே வாக்கியம்: "நாளைக்குப் போனாலும் பரவாயில்லை, ஓட்டல் செலவு நான் பார்த்துக்கறேன்." இதை முந்தைய இரவே, சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடுங்கள். விமானத்துக்குப் பக்கத்தில் பெட்டியோடு நின்றுகொண்டு சொன்னால் விமானி அதை உபசார வார்த்தையாகத்தான் எடுத்துக்கொள்வார். திங்கட்கிழமை காலை தவறவே முடியாத கூட்டம் இருந்தால் ஞாயிறு மாலை சிறு விமானத்தில் திரும்புவதாகத் திட்டமே போடாதீர்கள். இந்த நூலிலேயே அதிக உயிர் காக்கும் பத்தி இதுதான் என்பது என் கணிப்பு. பலர் தாண்டிப் படிக்கப் போவதும் இதைத்தான்.

கதவு, பெல்ட், இருக்கை

பைப்பர் செரோக்கி வகை விமானங்களில் (வாரியர், ஆர்ச்சர் எல்லாம் அந்தக் குடும்பம்தான்) முன்பக்கத்துக்கு ஒரே ஒரு கதவு. அது வலப்பக்கம், உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறும்போது விமானி முதலில் நுழைந்து இடப்பக்கம் நகர்ந்துகொள்வார். நீங்கள் கடைசியாக ஏறிக் கதவைச் சாத்துவீர்கள். இறங்கும்போது நீங்கள் இறங்காமல் அவரால் இறங்க முடியாது. நீங்கள் பயந்து உறைந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கும் வழி இல்லை.

அந்தக் கதவில் பூட்டு இரண்டு: பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, கூரையோரமாக இன்னொரு தாழ். காரில் ஏறி இறங்கிப் பழகிய கை பக்கவாட்டுக் கைப்பிடியை மட்டும் திருகும். கதவு அசையாது. ஆகவே எஞ்சினை இயக்கும் முன் இரண்டையும் நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. புகையிலும் தண்ணீரிலும் கண் உதவாது, கைதான் வழிகாட்ட வேண்டும். செஸ்னா 172இல் இருபுறமும் கதவு உண்டு என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

பெல்ட்டைப் போடுவது எப்படி, கழற்றுவது எப்படி என்று விமானி சொல்லித்தர வேண்டியது அமெரிக்காவில் சட்டப்படி அவர் கடமை. சொல்லவில்லையென்றால் கேளுங்கள். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் வராமல் இடுப்பெலும்புக்குக் குறுக்கே படிய வேண்டும். தோள் பெல்ட் கழுத்தை உரச வேண்டாம்.

செஸ்னாவில் இன்னொன்று. இருக்கை தரையில் உள்ள தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது கொக்கி சரியாக மாட்டாத இருக்கை பின்னால் சறுக்குவது பழைய செஸ்னாக்களில் பேர்போன கோளாறு. உட்கார்ந்ததும் உடம்பை முன்னும் பின்னும் உலுக்கி, இருக்கை 'டக்' என்று பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். அப்படியும் சறுக்கினால் கைக்கு எட்டிய எதையாவது பிடிக்கத் தோன்றும், எட்டுவது யோக்காக இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் விமானம் மூக்கைத் தூக்கிவிடும். ஜன்னல் விளிம்பைப் பிடியுங்கள்.

பறக்கும்போது கதவு தானாகத் திறந்துகொள்வதும் உண்டு. காற்று இரையும், காகிதம் பறக்கும், உயிர் போனதுபோல இருக்கும். பெரும்பாலும் கதவு ஓரிரு அங்குலத்துக்கு மேல் திறக்காது, விமானமும் பறந்துகொண்டுதான் இருக்கும். ஆபத்து எங்கே என்றால், பக்கத்திலிருப்பவர் கத்துவதிலும், விமானி ஓட்டுவதை விட்டுவிட்டுக் கதவோடு மல்லுக்கட்டுவதிலும். "கதவு திறந்திருக்கு, நீங்க ஓட்டுங்க" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுப் பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் நின்றால்

எஞ்சின் நின்ற விமானம் கல்லாக விழுவதில்லை, சறுக்கிக்கொண்டு இறங்கும். செஸ்னா 172 தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இருந்தால் காற்றில்லாத நாளில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சறுக்கும், தரையைத் தொட நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தில் விமானி எஞ்சினை மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும், வயலோ சாலையோ தேட வேண்டும், ரேடியோவில் சொல்ல வேண்டும். உங்களால் அவருக்குத் தர முடிந்த பெரிய உதவி வாயை மூடிக்கொண்டிருப்பது. என்ன ஆச்சு, ஒண்ணும் ஆகாதே, பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதெல்லாம் இறங்கிய பிறகு. அவர் கேட்டால் வயல், மின்கம்பி, கால்வாய் என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் உங்கள் கைக்கு வேலை உண்டு. சட்டைப்பையில் இருக்கும் பேனா, சாவிக்கொத்தை எடுத்துப் போடுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடலாம். இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளிப் பூட்டுங்கள். பெல்ட்டை மூச்சுப் பிடிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். விமானி "கதவு" என்றதும் தாழை நீக்கிச் சற்றுத் திறந்த நிலையில் வைத்து, இடுக்கில் செருப்பையோ மடித்த துண்டையோ செருகுங்கள். மோதலில் சட்டம் வளைந்தால் மூடிய கதவு இறுகிக்கொள்ளும். அதன் பிறகு மடித்த ஜாக்கெட்டை முகத்துக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து, தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

தண்ணீருக்கு மேல் பறப்பதானால் உயிர்காப்பு உடை கிளம்பும் முன்பே உடம்பில் இருக்க வேண்டும், ஆனால் காற்று நிரப்பாமல். 1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமரோஸ் தீவருகே கடலில் இறங்கியபோது, உள்ளேயே காற்று நிரப்பிக்கொண்ட பயணிகள் மிதந்து கூரையோடு ஒட்டி, வெளியே வர வழியில்லாமல் மூழ்கினார்கள். அது பெரிய விமானம். சிறு விமானத்தின் உள்ளறை இன்னும் குறுகல். ஒரு கை கதவுப் பிடியில் இருக்கட்டும், மறு கையால் பெல்ட்டைக் கழற்றுங்கள், வெளியே வந்தபின் காற்று நிரப்பும் கயிற்றை இழுங்கள்.

விமானி மெல்ல மந்தமாகும்போது

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். திடீரென்று சாய்ந்து விழும் விமானியை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. சிரித்துக்கொண்டே கோட்டை விடும் விமானியைத்தான் கவனிக்கத் தவறிவிடுவோம்.

குளிர்காலத்தில் சிறு விமானத்தின் உள்ளே வரும் சூடு பெரும்பாலும் எஞ்சின் புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்று. அந்தக் குழாயில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2019 ஜனவரி 21 இரவு அர்ஜென்டினக் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா நாந்திலிருந்து கார்டிஃபுக்குப் போன பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. சாலாவின் ரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 விழுக்காடு கார்பன் மோனாக்சைடோடு பிணைந்திருந்ததாகப் பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவு கண்டறிந்தது. விமானியும் அதே காற்றைத்தான் சுவாசித்திருப்பார். இரவில் பயணிகளை ஏற்றி ஓட்ட அந்த விமானிக்கு உரிமம் இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

உயரத்தில் பிராணவாயுக் குறைவும் இதேபோல வேலை செய்யும். காற்றழுத்தம் கூட்டப்படாத விமானத்தில் 12,500 அடிக்கு மேல் அரை மணிக்கு அதிகமாகப் பறந்தால் விமானி பிராணவாயு எடுத்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்க விதி. குறைந்தால் பயம் வருவதற்குப் பதில் ஒரு மிதப்பு வரும். எல்லாம் சுகமாகத் தோன்றும்.

கவனிக்க வேண்டியவை சின்னச் சின்னவை. ரேடியோவில் அழைத்தது அவர் காதில் விழவில்லை. இப்போதுதான் சொன்னதை மறுபடி கேட்கிறார். உயரம் ஏறி இறங்குகிறது, அவர் திருத்தவில்லை. கொட்டாவி. கணவன் மனைவிக்குள் இதைக் கேட்பது எளிது:

"ஏங்க, உங்களுக்குத் தலை வலிக்குதா?"

"இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்."

"எனக்கு வலிக்குது. ஹீட்டரை அணைச்சிட்டு ஜன்னல் காத்தைத் திறங்க. நாம எந்த உயரத்துல இருக்கணும்?"

கடைசிக் கேள்விதான் சோதனை. எண்ணைச் சட்டென்று சொல்லி, அது உயரங்காட்டும் அல்டிமீட்டரில் இருப்பதோடு ஒத்துப்போனால் நல்லது. "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலை மட்டும் நம்பாதீர்கள், விஷக்காற்று முதலில் தின்பது அப்படித் தீர்மானிக்கும் திறனைத்தான். அவர் தடுமாறினால் ஹீட்டரை நீங்களே அணைத்துக் காற்றுத் துவாரங்களைத் திறந்துவிடுங்கள். கீழே இறங்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் ரேடியோவில் நீங்கள் பேசத் தயங்கவே வேண்டாம். பலகையில் ஒட்டும் கார்பன் மோனாக்சைடு அட்டைச் சோதனிகள் நிறம் மாறித்தான் காட்டும், அதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலறும் மின்னணுக் கருவி ஒன்றை வாங்கிப் பரிசாகக் கொடுங்கள்.

விமானி சாய்ந்துவிட்டால்

முதலில் விமானம், பிறகு விமானி. மனம் ஒப்பாத வரிசைதான். ஆனால் விமானம் தரையில் நின்றால்தான் அவருக்கு மருத்துவர் கிடைப்பார்.

அவர் உடல் யோக்கின் மேல் விழுந்திருந்தால் தோளைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்த்து, தோள் பெல்ட்டை இறுக்குங்கள். பின்னிருக்கையில் ஆள் இருந்தால் இது அவர் வேலை, இறங்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்கட்டும். முடிந்தால் விமானியின் கால்களைப் பெடலிலிருந்து விலக்குங்கள்.

இப்போது வெளியே பாருங்கள். அடிவானம் எங்கே இருக்கிறது? நேராகப் பறந்தபோது பலகையின் விளிம்புக்கும் அடிவானத்துக்கும் எவ்வளவு இடைவெளி இருந்ததோ அதே இடைவெளிக்கு மூக்கைக் கொண்டுவாருங்கள். பயணம் சாதாரணமாகப் போகும்போதே அந்த இடைவெளியை உங்கள் விரல்களால் அளந்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். யோக்கை இரண்டு விரலால் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் உங்கள் பதற்றம் விமானத்துக்குப் போகும். ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைக்காதீர்கள். சில புதிய விமானங்களில் நீல நிறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் ஆட்டோபைலட்டே இறக்கைகளைச் சமமாக்கி நேராகப் பறக்கவைக்கும். உங்கள் விமானத்தில் அது இருக்கிறதா என்பதைத் தரையிலேயே கேட்டுவையுங்கள்.

மூக்கைத் தூக்கினால் உயரே போவோம், பத்திரம் என்று தோன்றும். அதுதான் ஆளைக் கொல்லும் எண்ணம். வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை ஒலி அலறும், செஸ்னாவில் பீப்பி ஊதுவதுபோல இருக்கும். கேட்டால் யோக்கை முன்னால் தள்ளுங்கள்.

அடுத்து பேச்சு. பேசும் பொத்தான் பெரும்பாலும் யோக்கின் கொம்பில், கட்டைவிரலோ ஆள்காட்டி விரலோ படும் இடத்தில் இருக்கும். பழைய விமானங்கள் சிலவற்றில் விமானியின் பக்கம் மட்டுமே உண்டு, உங்கள் பக்கம் கிடையாது. பலகைக்குக் கீழே கையால் எடுத்துப் பேசும் மைக் தொங்கலாம். எங்கே என்பதைக் கிளம்பும் முன் விரல் வைத்துப் பாருங்கள். அமுக்கிக்கொண்டு பேச வேண்டும், விட்டால்தான் பதில் கேட்கும். பதற்றத்தில் அமுக்கியபடியே காத்திருந்தால் உலகமே கைவிட்டதாகத் தோன்றும்.

அலைவரிசையை மாற்ற வேண்டாம். விமானி கடைசியாகப் பேசியதிலேயே பேசுங்கள், யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதிலே வராவிட்டால் 121.5, அவசர அலைவரிசை. மூன்று முறை "மேடே", பிறகு விமானத்தின் பதிவெண் (பலகையில் ஒட்டியிருக்கும்), விமானி மயங்கிவிட்டார், எனக்கு ஓட்டத் தெரியாது, இத்தனை பேர் இருக்கிறோம், எரிபொருள் இவ்வளவு, இங்கிருந்து கிளம்பி அங்கே போகிறோம். முறையான மொழி வேண்டியதில்லை. ஆங்கிலம் தடுமாறினாலும் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. ராடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 போடச் சொன்னால் போடுங்கள், எப்படி என்று அவர்களே சொல்வார்கள்.

பேசத் தொடங்கிய பிறகு அவசரம் இல்லை. எரிபொருள் இருக்கும்வரை நேரம் இருக்கிறது. கீழே உங்கள் விமானத்தை அறிந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பார்கள், நீளமான ஓடுபாதைக்குத் திருப்புவார்கள். 2013 அக்டோபரில் இங்கிலாந்தின் ஹம்பர்சைடில் 77 வயது ஜான் வில்டி, நண்பர் நினைவிழந்தபின் செஸ்னா 172ஐ இறக்கினார். இரண்டு பயிற்சி ஆசிரியர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வழிசொன்னார்கள். மூன்று முறை இறங்க முயன்று மறுபடி எழும்பி, நான்காம் முறை தரையைத் தொட்டார். இருட்டிவிட்டிருந்தது, பலகை விளக்கின் ஸ்விட்ச் எது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஸ்விட்ச்சையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.

இறக்கும் முறையை இங்கே முழுதாக எழுதப் போவதில்லை, காதில் கேட்கப் போகும் குரல் அதைச் சொல்லும். அந்தக் குரலோடு தகராறு வராமலிருக்க மூன்று விஷயம் தெரிந்திருக்கட்டும். கறுப்புக் குமிழ் த்ராட்டில், உள்ளே தள்ளினால் வேகம், வெளியே இழுத்தால் தணிவு. சிவப்புக் குமிழ் மிக்ஸ்சர், அதை முழுதாக இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும் என்பதால் தரையில் நின்ற பிறகுதான் தொட வேண்டும். தரையில் ஓடும்போது யோக்கைக் கார் ஸ்டியரிங்போலத் திருப்பினால் ஒன்றும் நடக்காது, திருப்புவது பெடல், பிரேக் பெடலின் மேல்பாதி. ஹாரிசன்கூட இறங்கி நின்றதும் இதை எப்படி அணைப்பது என்றுதான் கேட்டாராம்.

சக்கரம் மடங்கும் விமானமா என்பதையும் கேட்டுவையுங்கள். 2023 ஜூலையில் மார்த்தாஸ் வினியார்டில் விமானிக்கு உடல்நிலை கெட்டு, 68 வயதுப் பயணி ஒருவர் பைப்பர் மெரிடியனைச் சக்கரம் இறக்காமலே வயிற்றால் இறக்கினார். ஓர் இறக்கை முறிந்தது. அவருக்குப் பெரிய காயம் இல்லை. அதாவது சக்கரத்தை மறந்தாலும் உயிர் போய்விடாது, வேகத்தை மறந்தால்தான் போகும்.

நின்றவுடன் ப்ரொப்பெல்லர் ஓயும்வரை உட்காருங்கள். இறங்கினால் வால் பக்கமாக நடங்கள். உதவிக்கு ஓடி வருகிறவர்கள் பக்கமாகப் பாய்ந்து சுழலும் ப்ரொப்பெல்லருக்குள் போனவர்கள் உண்டு.

சிவப்புக் கைப்பிடி, அவசரப் பொத்தான்

சிர்ரஸ் விமானமென்றால் உங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இரண்டு முன்னிருக்கைகளுக்கு நடுவே கூரையில் ஒரு மூடி, உள்ளே சிவப்புக் கைப்பிடி. இழுத்தால் மொத்த விமானத்துக்கும் பாராசூட் விரியும். கிளம்பும் முன் அதிலிருக்கும் பாதுகாப்பு ஊசியை விமானி எடுத்துவிட்டாரா என்று பாருங்கள், எடுக்காவிட்டால் கைப்பிடி வேலை செய்யாது. இழுக்க 20 கிலோவரை பலம் வேண்டும், இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கித் தொங்குவதுபோல இழுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,700 அடி வேகத்தில் விமானம் இறங்கும், 12 அடி உயரத்திலிருந்து விழும் அடிக்குச் சமம். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். தரைக்கு மிக அருகில் இழுத்தால் விரிய நேரம் இருக்காது, ஆகவே இழுப்பதென்று முடிவெடுத்தால் உயரம் இருக்கும்போதே இழுங்கள். ஆட்டோபைலட் நன்றாக ஓடுகிறது, ரேடியோவில் ஆள் கிடைத்துவிட்டார் என்றால் அவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

விலையுயர்ந்த விமானங்கள் சிலவற்றில் கார்மின் நிறுவனத்தின் ஆட்டோலேண்ட் இருக்கிறது. 2020இல் முதலில் பைப்பர் எம்600க்கு அனுமதி கிடைத்தது. பொத்தானை அமுக்கினால் அதுவே விமான நிலையத்தைத் தேர்ந்து, ரேடியோவில் அறிவித்து, இறங்கி, எஞ்சினை அணைத்துவிடும். திரையில் உங்களுக்கு எழுதிக் காட்டும். நண்பரின் நாற்பது வயது செஸ்னாவில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

எங்கே, யாரிடம் கற்பது

அமெரிக்காவில் விமான உரிமையாளர், விமானிகள் சங்கமான ஏஓபிஏ, விமானியல்லாத துணைகளுக்கென்றே பல்லாண்டுகளாக 'பிஞ்ச் ஹிட்டர்' என்ற பயிற்சியை நடத்திவருகிறது. அது இல்லாத ஊரிலும் எந்தப் பறக்கும் பள்ளியிலும் ஓர் ஆசிரியரைக் கேட்டு இரண்டு மூன்று மணி நேரம் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் விமானியையே ஆசிரியராக்கிக்கொள்ள வேண்டாம். கணவரிடமோ மனைவியிடமோ கார் ஓட்டக் கற்றவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

விஸ்கான்சினில் ஹெலன் காலின்ஸ் அப்படித்தான், கணவர் வற்புறுத்தியதால் பல ஆண்டுகளுக்கு முன் விமானம் ஓட்டக் கொஞ்சம் கற்றிருந்தார். 2012 ஏப்ரலில், 80ஆவது வயதில், கணவர் செஸ்னா 414இல் நினைவிழந்தபோது அந்தப் பழைய பாடம்தான் கைகொடுத்தது. இன்னொரு விமானி தன் விமானத்தில் பக்கத்திலேயே பறந்து வழிசொன்னார். எரிபொருள் தீர்ந்து ஓர் எஞ்சின் நின்றுபோன நிலையில் இறக்கினார். கணவர் பிழைக்கவில்லை. ஹெலனுக்கு எலும்பு முறிவோடு போயிற்று.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியது விமானம் ஓட்டும் கலை அல்ல. வலது இருக்கையில் உட்கார்ந்தபடி நேராகப் பறத்தல், திரும்புதல், த்ராட்டிலைக் குறைத்துச் சீராக இறங்குதல், ஆட்டோபைலட்டை இயக்குதல், ரேடியோவில் உண்மையான கட்டுப்பாட்டாளரிடம் ஒருமுறை பேசுதல். நேரம் மிஞ்சினால் ஓர் இறங்கல். ரேடியோவில் பேசுவதைத்தான் எல்லோரும் கூச்சப்பட்டுத் தவிர்க்கப் பார்ப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

பிறகு உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை அவரையே எழுதித்தரச் சொல்லுங்கள். பயணத்தின்போது எஞ்சின் சுற்று எவ்வளவு, இறங்கும்போது எவ்வளவு, ஓடுபாதையை நெருங்கும்போது வேகம் எவ்வளவு. பழைய செஸ்னா 172 என்றால் 2,300, 1,500, 65 முதல் 70 நாட் என்ற கணக்கில் ஏதோ வரும், உங்கள் விமானத்துக்கானதை அவர் எழுதட்டும். பின்பக்கத்தில் பேசும் பொத்தான், ஆட்டோபைலட், பலகை விளக்கு, ஹீட்டர், விபத்துச் சமிக்ஞைக் கருவியின் ஸ்விட்ச் ஆகியவை இருக்கும் இடத்தை ஒரு கோட்டுப் படமாக வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை கைப்பைக்குள் போகக் கூடாது, சூரியத் தடுப்பிலோ முழங்கால் பக்கத்திலோ செருகப்பட்டிருக்க வேண்டும். நண்பர் அடுத்த முறை வேறு விமானத்தை வாடகைக்கு எடுத்தால் பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.